திரும்பி வந்த தண்ணீர்

என் தனத்துக்கு,

எப்படி இருக்கிறாய் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. போய்ச் சேர்ந்தவளிடம் நலம் விசாரிக்கிற ஆள் ஆம்பூரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பரவாயில்லை. இருந்தபோதும் நான் கேட்டதில் பாதிக்கு நீ பதில் சொன்னதில்லை. "அட, போய் வேலயப் பாருங்க" என்று சிரித்துவிட்டு உள்ளே போவாய். இப்போதும் உள்ளேதான் போயிருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. இந்த வருஷத் திதிக்கு வடை நானே சுட்டேன். காக்காய் ஒன்று வந்து ஒரு கொத்து கொத்தியது. கொத்திவிட்டுத் தலையைச் சாய்த்து என்னை ஒரு பார்வை பார்த்தது பார், சத்தியமாக அது உன் பார்வைதான். உப்பு போட மறந்துவிட்டேன் என்று அப்புறம்தான் தெரிந்தது.

பின்பக்கம் நீ வைத்த கறிவேப்பிலை சுவரைத் தாண்டிவிட்டது. தெருவில் யார் வீட்டில் தாளித்தாலும் நம் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். நீ ஷூ கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி வந்ததும் பையைக்கூட வைக்காமல், எவர்சில்வர் பாட்டிலில் மிச்சமிருக்கிற தண்ணீரை அதன் வேரில் ஊற்றுவாயே. அந்தத் தண்ணீரில் வளர்ந்த செடி. மிச்சம் என்றா சொன்னேன்? அதைப் பற்றி அப்புறம் பேசுகிறேன்.

இப்போது பெரிய செய்தி. நம் பவி பட்டப்படிப்பை முடித்துவிட்டாள். நீ போனபோது அவள் பிளஸ் டூ. வேலூருக்கு பஸ்ஸில் போய் வந்தே மூன்று வருஷத்தை ஓட்டிவிட்டாள். அடுத்து எம்.எஸ்.டபிள்யூ படிக்க வேண்டும் என்றாள். சமூகப்பணி. நான் பத்தாவதில் கணக்கோடு இரண்டு தடவை குஸ்தி போட்டுப் பாஸானவன் இல்லையா, அந்த அறிவோடு கேட்டேன்: "நாலு பேருக்கு நல்லது செய்யறதுக்கு ரெண்டு வருஷம் படிக்கணுமாம்மா? நான்லாம் படிக்காமலேதான செய்யறேன்?"

"நீ செய்யறத மொதல்ல நிறுத்தணும்ப்பா. அதுக்குத்தான் படிக்கப் போறேன்" என்றாள். வாய் யாருடையது என்று நான் சொல்ல வேண்டுமா?

அப்புறம் எனக்கே புரிந்தது. ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்காருவார்களே, அந்த மேடம் படித்த படிப்பு. டாக்டர் இங்கிலீஷில் சொன்னதை நமக்குப் புரிகிற மாதிரி சொன்னவர். டயாலிசிஸ் என்ற வார்த்தையைக் கேட்டு நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, "சார், மொதல்ல ஒரு டீ குடிச்சுட்டு வாங்க, நான் இவங்க பக்கத்துலயே இருக்கேன்" என்றவர். பவி அப்போது அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் இவளும் அப்படி ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருவாள் என்று எனக்கு அப்போதே தோன்றியது. எனக்கு அதில் ஆசைதான். வேலூரிலேயே அதற்கு நல்ல படிப்பு இருக்கிறது. காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடலாம். வீட்டில் விளக்கு போட ஆள் இருக்கும்.

உன் தம்பி குமாருக்கு வேறு கணக்கு. ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்துகொண்டு, "மாமா, எம்.எஸ்.டபிள்யூல ஹெச்.ஆர். எடுக்கச் சொல்லுங்க. ஏதாவது கம்பெனில வெல்ஃபேர் ஆபீசரா உக்காந்துடலாம். ஏசி ரூம்" என்றான்.

"ஏசி ரூம்ல உக்காந்து யாருக்கு வெல்ஃபேர் மாமா? ஏசிக்கா?" என்றாள் பவி. அவன் அதற்குப் பிறகு குழம்பில் உருளைக்கிழங்கு தேடுவதில் கவனமாகிவிட்டான்.

அவளுக்கு வேண்டியது இந்த இரண்டுமில்லை, தனம். அந்தப் படிப்பிலேயே இன்னொரு கிளை இருக்கிறதாம். ஒரு மனுஷரை, ஒரு குடும்பத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது ஒரு வகை. ஊரை, சட்டத்தை, அரசாங்கத் திட்டத்தை, ஜனங்கள் ஒன்றுசேர்வதைப் பார்ப்பது இன்னொரு வகை. இந்த இரண்டாவதற்கு மேக்ரோ என்று பெயர். அதை நன்றாகச் சொல்லிக்கொடுக்கிற இடம் மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. காட்பாடியில் ரயில் ஏறினால் ஒரு பகலும் ஒரு இரவும் போக வேண்டும். இரண்டு இடத்துக்கும் விண்ணப்பம் போட்டிருந்தாள். இரண்டு இடத்திலிருந்தும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

"எதுக்கும்மா அவ்ளோ தூரம்? அந்த மேடம் மாதிரி ஆனா போதாதா?" என்று கேட்டேன். மீன் கழுவிக்கொண்டிருந்தேன், முகத்தைக் காட்டாமல் கேட்க வசதியாக இருந்தது.

"அந்த மேடம் நல்லவங்கப்பா. அவங்க இல்லன்னா நாம என்னா ஆகியிருப்போம்னு தெரியல. ஆனா அம்மா பக்கத்துக் கட்டில்ல யாரு படுத்திருந்தா, ஞாபகம் இருக்குதா? அம்மா லைன்ல வேல செஞ்ச அக்கா. எதிர் கட்டில்ல இருந்த வயசான ஆயா? அவங்களும் அதே கம்பெனி பஸ்ல வந்தவங்கதான். மேடம் ஒவ்வொருத்தர் கட்டிலுக்கா போனாங்க. அவங்க எல்லாரும் ஏன் ஒரே பஸ்ல இருந்து எறங்கி வந்தாங்கன்னு யாரு கேக்கறது?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அப்பன் இல்லையா, விட்டுக்கொடுப்பேனா? "ஒண்ணொண்ணாதாம்மா எதையும் பாக்க முடியும். நான் தோல் மண்டில இத்தன வருஷமா அப்படித்தான் பொழப்பு ஓட்டறேன். ஒரு தோல எடுப்பேன், பொரட்டுவேன், தரம் சொல்லுவேன், அடுத்தத எடுப்பேன்" என்றேன்.

அவள் கறிவேப்பிலையை உருவிக்கொண்டே, ரொம்ப சாதாரணமாகக் கேட்டாள். "ஏம்ப்பா, ஒரு தோல்ல கீறல் இருந்தா இன்னா செய்வ?"

"தரத்தக் கொறச்சு ஓரமா போடுவேன்."

"ஒரு லாட்ல வந்த எல்லாத் தோல்லயும் ஒரே எடத்துல கீறல் இருந்தா?"

தொழில் பெருமை என்று ஒன்று இருக்கிறதே தனம், அது மனுஷனைக் கவிழ்த்துவிடும். மீனைக் கீழே போட்டுவிட்டுக் கையை ஆட்டி ஆட்டி விளக்க ஆரம்பித்தேன். "அப்ப அது ஆட்டோட கோளாறு இல்லம்மா. எல்லாத்துக்கும் கழுத்துலயே கீறல்னா, கம்பி வேலிக்குள்ள தலைய உட்டு மேஞ்சிருக்குதுன்னு அர்த்தம். நேரா வியாபாரிக்கு ஃபோனப் போடுவேன். யோவ், எந்த ஊர்ப் பட்டிய்யா இது, வேலிய மாத்தச் சொல்லுன்னு கேப்பேன். அத உட்டுட்டு ஒவ்வொரு தோலா பாத்து அழுதுனு இருந்தா அடுத்த லாட்டும் அப்படித்தான் வரும்!"

சொல்லி முடித்த பிறகுதான் வாயை மூடினேன். மூடி என்ன பயன்? அவள் சிரிக்காமல் கறிவேப்பிலையை எண்ணெயில் போட்டாள், அது படபடவென்று வெடித்தது. வேலிக்குள் தலையை விட்ட ஆடு நான்தான்.

மறுநாள் மண்டியில் சலீம் பாயிடம் சொன்னேன். என்னோடு சேர்ந்து தரம் பிரிக்கிறாரே, அவர்தான். "ரத்னம், நீ கட்சிக்காரனா, எதிர்க்கட்சி வக்கீலாய்யா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆனா பேஜார்தான். வீடு வெறிச்சுனு ஆய்டும் இல்ல?" என்றார். என் பயம் எதுவென்று அவருக்குத் தெரியும்.

ஆனாலும் நான் சும்மா ஒப்புக்கொள்ளவில்லை. சரக்கைப் புரட்டிப் பார்க்காமல் எடுக்கிற வழக்கம் நமக்கு ஏது? இரண்டு கல்லூரிக்கும் நானும் வருகிறேன் என்றேன். "நீ வந்து இன்னா பாப்ப?" என்றாள். காலைப் பார்ப்பேன் என்று சொல்லவில்லை. உனக்குத் தெரியுமே, நம் ஊர்க்காரன் யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் காலைத்தான் பார்ப்பான். என்ன தோல், எங்கே தேய்ந்திருக்கிறது, இவன் நடக்கிறவனா உட்காருகிறவனா என்று செருப்பு சொல்லிவிடும். பெண் பார்க்க வந்த அன்று நான் தலையைக் குனிந்தபடியே இருந்ததைப் பார்த்து, மாப்பிள்ளை ரொம்ப அடக்கம் என்று உன் அப்பா சந்தோஷப்பட்டார். நான் வாசலோரம் கிடந்த உன் செருப்பு வாரில் நீயே போட்டிருந்த தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேர்த்தியான தையல். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

பக்கத்துக் கல்லூரிக்கு முதலில் போனோம். தரை பளபளவென்று இருந்தது. பேசிய டீச்சரம்மா தங்கமானவர். நான் மனசுக்குள், எப்படியாவது இவளை இங்கேயே இருக்கச் சொல்லிவிடுங்கள் தாயே என்று வேண்டிக்கொண்டிருந்தேன். பவி கேட்ட கேள்விகளைக் கேட்டால் நீ மூக்கில் விரல் வைப்பாய். களப்பணிக்கு எங்கே அனுப்புவீர்கள்? ஆஸ்பத்திரிக்கு மட்டுமா, பஞ்சாயத்துக்கும் தொழிலாளர் அலுவலகத்துக்கும் அனுப்புவீர்களா? அரசாங்க பட்ஜெட்டைப் படிக்கச் சொல்லித் தருவீர்களா? தொழிலாளர் சட்டத்துக்குத் தனிப் பாடம் உண்டா? களத்தில் கூட இருந்து திருத்த ஆள் உண்டா?

டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார். "ஒளிச்சு என்னம்மா சொல்றது? நம்மகிட்ட மருத்துவம், மனநலம் ரெண்டும் நல்லா நடக்குது. எங்க பசங்க வேலை பாக்காத ஆஸ்பத்திரி கெடையாது. ஆனா நீ கேக்கறது இங்க ஒரே ஒரு பேப்பர்தான். அந்த இன்னொரு எடம் கெடைச்சா அங்க போ. இங்க சேந்தா ரெண்டு வருஷம் கழிச்சு என்னைத் திட்டுவ."

என் வேண்டுதல் எந்த சாமியிடம் போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை. தன் சரக்கின் குறையைத் தானே எடுத்துக் காட்டுகிற வியாபாரியை என் சர்வீஸில் நான் பார்த்ததே இல்லை. கோபப்படக்கூட முடியவில்லை.

அப்புறம் அந்தத் தூரத்து ஊர். ரயிலில் பவி மேல் படுக்கையில் உட்கார்ந்து, அவர்கள் கேட்டால் சொல்ல வேண்டிய பதிலைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே நான் தூங்குகிறேன் என்று நினைத்துவிட்டாள். கொஞ்சம் தமிழிலும் கொஞ்சம் இங்கிலீஷிலும் வந்தது.

"எங்கம்மா ஷூ கம்பெனில தெச்சாங்க. ஒரு லைனுக்கு ஒரு டோக்கன். பாத்ரூம் போகணும்னா அத எடுத்துனு போகணும், ஒருத்தர் திரும்பி வந்தாதான் அடுத்தவங்க. போனா தெக்க வேண்டிய பீஸ் குமிஞ்சுடும், சூப்பர்வைசர் சத்தம் போடுவாரு. அதனால எங்கம்மா தண்ணியே குடிக்கல. தெனமும் காலைல பாட்டில் நெறைய எடுத்துனு போவாங்க. சாயங்காலம் அது அப்படியே நெறஞ்சு திரும்பி வரும். செடிக்கு ஊத்துவாங்க. எங்கப்பா கிண்டல் பண்ணுவாரு, தண்ணிக்கும் பஸ் டிக்கெட் வாங்கறியா, தெனம் ஊர சுத்திக் காட்டிக் கூட்டினு வர்றியேன்னு. அம்மா சிரிப்பாங்க. கிட்னி கெட்டதுக்கு அதுதான் காரணம்னு டாக்டர் சொல்லல. நூறு காரணம் இருக்கும்னுதான் சொன்னாரு. ஆனா அந்த டோக்கன் இன்னும் அங்க தொங்குது. அந்த ரூல எழுதுன கை எது, மாத்தற கை எதுன்னு எனக்குத் தெரியணும்."

டோக்கன் விஷயம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் எழுந்து கதவோரம் போய் நின்றுகொண்டேன். வெளியே எந்த ஊரோ, சோளமோ கம்போ, காற்றில் சாய்ந்துகொண்டிருந்தது. நீ அந்தக் கிண்டலுக்கு எப்படிச் சிரித்தாய் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தேன். நன்றாகத்தான் சிரித்தாய். தலையைப் பின்னால் சாய்த்து, முந்தானையால் வாயை மூடி. அதனால்தான் நானும் மறுபடி மறுபடி சொன்னேன். தாகமாக இருந்திருக்குமே தனம்? மே மாதத்தில், அந்த மிஷின் சூட்டில், காலுக்குப் பக்கத்திலேயே தண்ணீரை வைத்துக்கொண்டு?

அந்தக் கல்லூரியில் அவள் உள்ளே போன பிறகு நான் மரத்தடியில் நின்று கால்களைப் பார்க்க ஆரம்பித்தேன். தரை ஒன்றும் பளபளக்கவில்லை. ஆனால் செருப்புகளைப் பார்க்க வேண்டுமே. குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்தது, காய்ந்த சேறு ஒட்டியது, வார் அறுந்து ஊக்கு போட்டது. ஊக்கு போட்ட செருப்புக்காரி ஒரு வடநாட்டுப் பெண், இரண்டாம் வருஷம். எனக்கு மண்டி உருதுதான் தெரியும். அதிலும் தரம், விலை, கழிவு இவ்வளவுதான் சரளமாக வரும். அதை வைத்தே, இது நல்ல சரக்கும்மா, ஆனால் ரொம்ப அடிபட்டிருக்கிறதே, எங்கே போய் வந்தாய் என்று கேட்டேன். அவள் குனிந்து தன் காலைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

அவள் இந்தியில் சொன்னதில் எனக்குப் புரிந்தது இது: ஊருக்கு வெளியே ஒரு குடிசைப் பகுதியாம். குழாய் கிடையாது. ஒரு வருஷமாக அந்தப் பெண்களோடு உட்கார்ந்து, பேசி, சேர்ந்து போய் மாநகராட்சியில் மனு கொடுத்திருக்கிறார்கள்.

"குழாய் வந்துச்சா?" என்றேன்.

"இல்ல அங்கிள். மனு அடுத்த மேசைக்குப் போயிருக்குது."

"ஒரு வருஷத்துல ஒரு மேசையா?"

"மொதல்ல அந்தப் பெண்கள் அந்த ஆபீசுக்குள்ள நொழையவே பயந்தாங்க. இப்ப அவங்களே போறாங்க, நாங்க வெளில நிக்கறோம். நான் படிப்பு முடிச்சுப் போன பிறகு குழாய் வந்தா, நான்தான் காரணம்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதுதான் நல்லதுன்னு எங்க சார் சொல்றாரு. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்" என்று மறுபடி சிரித்தாள்.

இவளும் குறையை மறைக்கவில்லை பார். ஆனால் ஒன்று யோசித்தேன். அந்த மேடத்தின் கையைப் பிடித்து நான் நன்றி சொன்னேன். நம் பவியின் கையை யாரும் பிடிக்க மாட்டார்களா? நாளைக்கு டோக்கன் இல்லாமல் எழுந்து போய்வருகிற ஒரு பெண்ணுக்கு, அது ஒருகாலத்தில் அங்கே தொங்கியது என்பதே தெரியாதே. தெரியாதவள் யாருக்கு நன்றி சொல்வாள்?

பவி வெளியே வந்தாள். "எப்படிம்மா போச்சு?" என்றதற்கு, "பாட்டில் கதைய சொன்னேன்ப்பா" என்றாள். டோக்கன் விஷயம் எனக்குத் தெரியாது என்று நினைத்து, ரயிலில் திரும்பி வரும்போது முழுதாகச் சொன்னாள். நானும் புதிதாகக் கேட்பவன் போலக் கேட்டேன். கிண்டல் வருகிற இடத்தை மட்டும் விட்டுவிட்டாள். உன் பெண், தனம்.

இரண்டு இடத்திலும் சீட் கிடைத்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டியிருந்தது. அன்று காலையில் டீயை வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். "அப்பா, நெஜமா சொல்லு. நீ இருன்னு சொன்னா நான் இருக்கறேன். வேலூர்லயும் படிக்கலாம், தப்பில்ல. அப்புறமா கூட அந்த வேலைக்குப் போய்க்கலாம். நீ தனியா இன்னா செய்வ?"

இரு என்ற ஒரு வார்த்தை நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது. எனக்குத் தெரியும், சொன்னால் அவள் முகம் சுளிக்காமல் இருந்துவிடுவாள். தினமும் சாயங்காலம் பஸ்ஸில் இறங்கி வருவாள். நானும் வாசலில் நிற்பேன். வருகிறவளின் பையில் பாட்டில் நிறைந்து இருக்கிறதா, காலியாக இருக்கிறதா என்று எனக்குத் தெரியவா போகிறது? உன்னுடையது தினமும் நிறைந்து வந்ததைப் பார்த்தும் கிண்டல்தானே செய்தேன்.

அந்த நேரத்தில் நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? அதை யோசித்தேன். நீ எதையும் நேராகச் சொன்னதே கிடையாது. எழுந்து போய் ஏதாவது வேலை செய்வாய், அதிலிருந்து நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நானும் எழுந்து போனேன். பரண் மேலிருந்து அந்த எவர்சில்வர் பாட்டிலை எடுத்தேன். ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறதே, அதேதான். புளி போட்டுத் தேய்த்தேன். கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன்.

"இத எடுத்துனு போ. அந்த ஊர் வெயில் நம்ம வெயில விட ஜாஸ்தி" என்றேன்.

அவள் பாட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "டீ ஆறுது, குடிப்பா" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "புளி வாசன அடிக்குதுப்பா, சரியாவே கழுவல நீ" என்றாள். அழுகிற போதும் குறை சொல்வதை விடாத குடும்பம் இது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாள். காட்பாடி வரைக்கும் நானும் சலீம் பாயும் போகிறோம். அவர் எதற்கு என்று கேட்காதே. திரும்பி வரும்போது எனக்குத் துணைக்கு. வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்து, விளக்கு போட்டு, யாரிடம் என்ன பேசுவேன்? உன்னிடம்தான். தயாராக இரு. நீ பதில் சொல்லாதவள் என்பது எனக்குப் பழக்கம்தான்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். தினமும் ஃபோனில் அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், தண்ணீர் குடித்தாயா என்று கேட்பேன். அவள் சலித்துக்கொண்டாலும் கேட்பேன். கறிவேப்பிலையைப் பற்றி நீ கவலைப்படாதே. அதற்கு நான் குழாயிலிருந்து குடத்தில் பிடித்து ஊற்றிக்கொள்கிறேன். இந்த வீட்டிலிருந்து பாட்டிலில் போகிற தண்ணீர் இனிமேல் செடிக்குத் திரும்பி வராது தனம்.

இப்படிக்கு,
நீ கடைசி வரைக்கும் பேர் சொல்லாமல் கூப்பிட்ட,
பவி அப்பா